சீகன்பால்கு ஐயரின் நூன்மதிப்பு

பிற சமயத்தார் ஒருவர் நம் நூல்களைக் கற்று, அவற்றைப் பற்றித் தம் கருத்தை எழுதி வைத்திருப்பாராயின், அதனை நாம் எதிர்கொள்ளும் வகையில் இரண்டு பிழைகள் நேர்வதுண்டு. அவர் புகழ்ந்த சொற்களை மட்டும் பொறுக்கியெடுத்து நம் புத்தக முகப்பில் பொறித்துக்கொள்ளுதல் ஒன்று. இகழ்ந்த சொற்களை மட்டும் திரட்டி அவரை வைதொழிதல் மற்றொன்று. இரண்டிலும் அவர் எந்த அளவுகோல் கொண்டு நூல்களை அளந்தார் என்னும் வினா எழுவதேயில்லை. அளவுகோலை ஆராயாது அளவை மட்டும் ஏற்பதும் மறுப்பதும் ஆராய்ச்சியாகா. ஆதலின், தமிழ் நூல்களைப் பற்றி முதன்முதல் விரிவான நூன்மதிப்பு எழுதிய லூத்தர் சபைக் குருவாகிய பர்த்தொலொமேயு சீகன்பால்கு ஐயரின் கருத்துக்களை, சமய நூல், இசை, கதை என்னும் மூன்று தலைப்பின்கீழ் ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

பட்டியலும் அதன் வரலாறும்

சீகன்பால்கு 1682-ல் செர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்சுநிட்சு என்னும் ஊரிற் பிறந்தவர். ஹாலே நகரத்துப் பேராசிரியர் பிராங்கே என்பாரிடம் பயின்றவர். தென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆணைப்படி, புளுட்சோ என்னும் துணைவருடன் 1706 சூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1719 பிப்ரவரி 23-ல் தம் 36-ஆம் வயதில் அவ்வூரிலேயே உயிர்நீத்தார். இந்நாட்டில் அவர் தொண்டாற்றிய காலம் பதின்மூன்று ஆண்டுக்கும் குறைவு. அதற்குள் அவர் கற்ற தமிழின் அளவு வியக்கத்தக்கது.

கண்ணொளி இழந்த முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கே பள்ளியோடு வருவித்து, சிறாருடன் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பயின்றார். பின்னர், காலையிற் சொற்களை உருவேற்றுதல், முற்பகலிற் புலவர் ஒருவரை அருகிருத்திப் புதிய நூல் ஓதுதல், மாலையில் மீண்டும் நூல், இரவிற் கண்ணுக்கு ஓய்வளிக்கும்பொருட்டுப் பிறர் படிக்கக் கேட்டல் என நாட்கூறு வகுத்துக்கொண்டார். ஏடு எழுதுவோரைச் சம்பளத்திற்கு அமர்த்திப் படியெடுப்பித்தார். அவர்களை உள்நாட்டூர்களுக்கு அனுப்பி, கணவரை இழந்த அந்தண மகளிரிடமிருந்து ஏடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கியதையும் அவரே குறித்துள்ளார். கற்ற குடும்பத்து ஏடு விலைப்பொருளான நிலையை எண்ணுவார்க்கு நெஞ்சு சற்றே கனக்கும். விற்றவர் வறுமை ஒருபுறம். அவ்வேட்டைக் கேட்டு வாங்குவார் நம்முள் இல்லாமை மற்றொருபுறம்.

இவ்வாறு திரட்டிய ஏடுகளுக்கு 1708-ல் அவர் ஒரு பட்டியல் எழுதினார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றழைத்தமையால் அது மலபார் நூற்பட்டியல் எனப் பெயர் பெற்றது. லூத்தர் சபை நூல், கத்தோலிக்க நூல், தமிழர் நூல், இசுலாமியர் நூல் என நால்வகையாகப் பகுக்கப்பட்ட அதில் தமிழர் நூற்பகுதி 119 பதிவுகளை உடையது. வெறும் பெயர்க்கோவையன்று அது. நூல் நுதலிய பொருள், ஆசிரியர், கற்போர் யாவர், கடினமோ எளிதோ, தமக்கு உகந்ததோ அன்றோ என ஒவ்வொன்றிற்கும் சில வரிகளேனும் எழுதப்பட்டுள்ளன. தமிழர் நூற்பகுதியைச் செர்மானியரான கெர்மன் என்பார் 1880-ல் அச்சிட்டார். முழுப் பட்டியலும், ஒவ்வொரு நூலும் இன்னதென ஆய்ந்து காட்டும் குறிப்புக்களுடன், வில் சுவீட்மன், இரா. இலக்குவன் ஆகிய இருவர் உழைப்பால் 2012-ல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்தது. அப்பதிப்பு வந்தபின் இம்மதிப்புரைகளைப் பற்றிச் சைவர் ஆராயாதிருத்தற்கு யாதொரு காரணமும் இல்லை.

கருத்து மாறிய முறை

அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றனையும் அவர் செர்மானிய மொழியில் பெயர்த்தார். அதன் முன்னுரையில் ஓர் அரிய வாக்குமூலம் உண்டு. ஐரோப்பியருட் பலரும் இந்நாட்டாரைக் கல்வியும் ஒழுங்கும் அற்றவரெனக் கருதுகின்றனர். தாமும் வந்த புதிதில் அவ்வாறே கருதியதுண்டு. மொழியைக் கற்று நூல்களை ஓதிய பின்னரே இவர்க்கு முறையான மொழியும், கலைகளும், நல்லொழுக்க நூல்களும் உண்டென அறிந்தோம் என்பது அதன் கருத்து. இங்ஙனம் தம் முன்முடிபை வெளிப்படையாக மாற்றிக்கொண்டமை அவர் நேர்மைக்குச் சான்று. அதனை மாற்றியது வாதமன்று, நூலோதலே என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

எனினும், மாறியது எவ்வளவு என்பதே வினா. நீதி நூல்களை அவர் உவந்தார். திருக்குறளைப் பெரிதும் மதித்தார். இதில் அவர்க்கு இடர்ப்பாடு ஒன்றும் இல்லை. நீதியை உவப்பதற்குச் சமயம் மாறவேண்டுவதில்லை. சமய நூலுக்கு வருங்கால்தான் அவர் அளவுகோல் புலப்படுகின்றது.

சிவவாக்கியம்

தமிழ்ச் சமய நூல்களுள் அவர் மிகுதியும் போற்றியது சிவவாக்கியம். 1711-ல் எழுதிய தமிழர் சமய நூலிலும், 1713-ல் எழுதி முடித்த தெய்வ மரபு நூலிலும் அதனைச் சான்றாகக் காட்டுகின்றார். ஒரு கடவுளைக் கூறுதல், உருவ வழிபாட்டையும் சாதி வேற்றுமையையும் சடங்கையும் கடிதல் ஆகியனவே அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை. தமிழர் சமய வாழ்வைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுத்துக் கூறவும் அவர் அறிந்திருந்தார். ஐரோப்பியர்க்கு அந்நான்கனையும் பெயர் சொல்லி அறிவித்த முன்னோருள் அவர் ஒருவர். அதற்கு நாம் நன்றியுடையோம்.

ஆயின், பெயரை அறிந்தாரேயன்றி முறையை அறிந்திலர். சரியையாளரையும் கிரியையாளரையும் ஒருபுறமும், ஞானியரை எதிர்ப்புறமும் நிறுத்தி, பின்னவர் முன்னவரை மறுப்பவர் எனக் கொண்டார். சித்தாந்தத்தில் அந்நான்கும் எதிரெதிர்க் கட்சிகளல்ல, ஒரே மாடத்திற்கு ஏறும் படிகள். மேற்படியில் நின்றவன் கீழ்ப்படியை நோக்கி 'இது மாடம் அன்று' என்பது உண்மையே. அச்சொல்லைக் கேட்டுத் தரையில் நிற்பவன் படியை இடித்துவிட்டால் மேலே ஏறுவது எங்ஙனம்? சிவவாக்கியரின் கடுஞ்சொல், படியிலேயே குடியிருக்க முனைவாரை நோக்கியது. ஐயர் அதனைப் படியே வேண்டா என்னும் தம் சபைக் கொள்கைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். தம் முகத்தை ஒத்த முகம் ஒன்று அயலூர்க் கூட்டத்திற் கண்டு, அவர் தம் உறவினரே எனத் துணிந்தமை போலும் இது.

அற்றேல், சிவவாக்கியரின் சொற்கள் அங்ஙனம் பொருள்படுகின்றனவே, படித்தவர்மேற் குறை யாது எனின், கூறுதும். ஒரு சமயத்தின் நூல்களுள் எது எதற்கு அடங்கியது, எது எதனை விளக்குவது என்னும் ஒழுங்கு அச்சமயத்தாரிடமே கேட்டறியத்தக்கது. மெய்கண்ட சாத்திரம் பதினான்கினுள் சிவவாக்கியம் இல்லை. அப்பதினான்கும் தரங்கம்பாடிக்கு ஒரு நாள் நடைத் தொலைவிலுள்ள தருமபுர ஆதீனத்தில் அந்நாளிலும் ஆசிரியர் மாணாக்கர் வழிவழியாக ஓதப்பெற்று வந்தன. சாத்திரம் ஏட்டை விலைக்குக் கொள்வதால் விளங்குவதன்று, கேட்டு விளங்குவது. ஏடு வாங்கியவர்க்குச் சொல் கிடைக்கும்; நூல்களின் வரிசை கிடைப்பதரிது.

அக்கியானம் என்னும் சொல்

ஐயர் கருத்தில் அனைத்தினும் கூர்ந்து நோக்கற்குரியது 1713-ஆம் ஆண்டு. அவ்வாண்டில் அவர் இரண்டு நூல்கள் செய்தார். ஒன்று மேற்கூறிய தெய்வ மரபு. செர்மானியத்தில் ஐரோப்பியர்க்கென எழுதப்பட்டது. தமிழர் எல்லாத் தெய்வங்கட்கும் மேலாகப் பராபரவஸ்து என்னும் ஒரு முழுமுதலை அறிந்திருக்கின்றனர் என்பதனை அது விரித்துரைக்கின்றது. மற்றொன்று, தரங்கம்பாடிக்குப் புதிதாக வந்த அச்சுப்பொறியிற் பதிக்கப்பெற்ற சிறு தமிழ்ப் புத்தகம். தமிழர்க்கென எழுதப்பட்ட அதன் பெயர் அக்கியானம். நம் சமய வாழ்வு முழுவதும் அறியாமையே எனவும், அதினின்றும் விலகவேண்டும் எனவும் அறிவுறுத்துவது அது.

அயலார்க்கு எழுதுங்கால் 'இவர் அறிவுடையார்' என்றும், அறிவுடையார் என்று சொல்லப்பட்டவரை நோக்கி எழுதுங்கால் 'நீவிர் அறியாதார்' என்றும் உரைப்பது எங்ஙனம் பொருந்தும்? ஒன்று வரலாறு, மற்றொன்று அறிவுரை. நோக்கம் வேறாதலின் நடையும் வேறாயிற்று எனச் சிலர் விடை கூறுவர். நோக்கம் வேறாகலாம். அறிந்த உண்மை வேறாதல் கூடாது. தெய்வ மரபிற் காட்டிய பராபரவஸ்துவைச் சிறு புத்தகத்தின் முகப்பிலும் ஒப்புக்கொண்டு, அதன் பின்னரே தம் மறுப்பைத் தொடுத்திருப்பாராயின் அது நேர்மையான வாதமாகியிருக்கும்.

மேலும், அக்கியானம் என்பது அவர் தாமே ஆக்கிக்கொண்ட சொல்லன்று. அஞ்ஞானம் எனச் சைவ நூல்களில் ஆளப்படுவது அதுவே. சித்தாந்தத்தில் அறியாமை ஒரு நாட்டார்க்கோ ஒரு சமயத்தார்க்கோ உரிய குற்றமன்று. உயிரறிவை அனாதியே மறைத்து நிற்கும் ஆணவ மலத்தின் செயல் அது. அரசனும் ஆண்டியும், கற்றாரும் கல்லாரும், சைவரும் பிறரும், குருவாய் வந்தாரும் கேட்க வந்தாரும் அதனின் நீங்கினாரல்லர், திருவருள் நீக்கினாலன்றி. ஆதலின் இச்சொல்லைப் பிறர்மேல் எறியுமிடத்து எறிந்தவர்மேலும் அது மீளும். உயிரெல்லாம் பிறவிப் பாவத்திற்கு உட்பட்டன என்னும் கொள்கையை லூத்தர் சபையாரும் உடையர். அக்கொள்கையை நன்கறிந்த ஐயர், நம் அஞ்ஞானக் கொள்கையை உசாவியிருப்பாராயின், இரு சமயமும் அருகருகே நின்று பேசத்தக்க இடம் ஒன்று அவர்க்குக் கிட்டியிருக்கும். நூற்றுப்பத்தொன்பது பதிவுகள் எழுதியவர், தாம் தலைப்பாக இட்ட ஒரு சொல்லின் பொருளை ஆராயாது விட்டமையே அவர் நூன்மதிப்பின் பெருங்குறை என்பேம்.

தெய்வ மரபு நூலுக்கு நேர்ந்த கதியும் ஈண்டு உரைத்தற்பாலது. கையெழுத்துப்படி ஹாலேக்குச் சென்றபோது, குருமாரை அனுப்பியது புறச்சமயத்தை வேரறுத்தற்கே, அதன் பொய்க்கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதற்கன்று என்னும் கருத்தினராய்ப் பிராங்கே அதனை அச்சேற்றிலர். 1867-ல் கெர்மன் சென்னையில் அச்சிடும்வரை, ஒன்றரை நூற்றாண்டு, அது துயின்றது. அக்கியானமோ எழுதிய ஆண்டிலேயே அச்சேறிற்று. இகழ்ச்சிக்கு உடனே அச்சும் மதிப்பிற்கு நூற்றைம்பது ஆண்டுத் துயிலும் வாய்த்தமையின், ஐயரைப் பற்றி நம் முன்னோர் கொண்ட எண்ணம் ஒருதலையாயிற்று. அது முற்றும் அவர் குற்றமன்று.

இசை

லூத்தர் சபைக்கு இசை புறம்பானதன்று. மார்ட்டின் லூத்தர் தாமே பாட்டியற்றியவர். இசையை இறைநூற் கல்விக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றியவர். அவ்வழி வந்த ஐயரும் பாட்டின் வலிமையை அறிவார். ஆயினும் தரங்கம்பாடிச் சபைக்கு வேண்டிய பாட்டென்று அவரும் அவர் தோழரும் கொண்டவை பெரும்பாலும் செர்மானியப் பாடல்களின் தமிழ்ப் பெயர்ப்புக்கள். மெட்டும் செர்மானிய மெட்டே. இவ்வழக்கு சென்னை வேப்பேரியில் 1742 முதற் பல்லாண்டு குருவாயிருந்த பப்ரீசியு ஐயர் காலத்தில் இன்னும் திருந்திய வடிவுற்று, ஞானப்பாட்டு என்னும் பெயரால் இன்றும் லூத்தர் சபைக் கோயில்களில் வழங்குகின்றது. புதுச்சேரியை ஆங்கிலேயர் 1761-ற் கைப்பற்றிக் கொணர்ந்த அச்சுப்பொறி அவரிடமே வேப்பேரியில் ஒப்புவிக்கப்பட்டது. வியாசர்பாடி இரவீசுவரர் திருக்கோயிலிலிருந்து நடந்து சென்றடையும் தொலைவிலுள்ள வேப்பேரியிலே, பப்ரீசியு ஐயர் தம் விவிலிய மொழிபெயர்ப்பிற் கடவுளைப் பராபரன் என்னும் சொல்லாற் குறித்தார். சொல் நம் சொல்லாயிற்று; பண்ணோ நம் பண்ணாகவில்லை.

பாட்டின் பொருளை வேறு மெட்டில் வைத்தால் யாது குறை எனின், நம் மரபு அதற்கு ஒரு வரலாற்றால் விடை கூறும். மூவர் திருப்பதிகங்கள் தில்லையிற் கிடைத்தபின், ஏடு கிடைத்ததே போதும் என்று இராசராச சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் அமைந்திலர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைத் திருவெருக்கத்தம்புலியூரிற் கண்டு, அவர் வாயிலாகப் பண்ணடைவைப் பெற்ற பின்னரே திருமுறை நிறைவுற்றதாகக் கொண்டனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏடு வேறு, பாட்டு வேறு என்பதே அதன் உட்கிடை. தோத்திரம் என்பது செய்தி அறிவிக்கும் நூலன்று. ஓதுவார் குரலில், உரிய காலத்தில், உரிய சந்நிதியில் நிகழ்வது. தரங்கம்பாடிக் கடற்கரையில் 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் எடுப்பித்த மாசிலாமணிநாதர் கோயில் ஐயர் வாழ்ந்த ஊருக்குள்ளேயே நின்றது. அருகே திருக்கடவூர், மூவரும் பாடிய பதி. ஏட்டு நூல்களுக்கு இத்துணை விரிந்த பட்டியல் வகுத்தவர், அவ்வேடுகள் பாட்டாக நிகழும் இடத்தை மதிப்பிற்குரிய சான்றாகக் கொண்டிலர். அங்குள்ளது விக்கிரக வழிபாடென்னும் ஒரே காரணம் அவர்க்குப் போதுமானதாயிற்று.

இக்குறையை ஈடுசெய்தோர் அவர் சபையைச் சார்ந்த தமிழரே. ஐயர்க்குத் தமிழ் கற்பித்த முதிய ஆசிரியரின் மைந்தர் கணபதி வாத்தியார் கிறித்தவராகித் தமிழ்ச் செய்யுளில் அச்சமயப் பொருளைப் பாடினார். அதன்பின் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) சுவார்ச்சு ஐயரிடம் வளர்ந்து, கும்மி, கீர்த்தனை, குறவஞ்சி ஆகிய நாட்டு வடிவங்களிலேயே தம் சமயத்தைப் பாடினார். அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, கோயிற்றெய்வம் உலாவர நங்கை காதல்கொள்ளும் தமிழ் நாடகத்தின் கட்டளையையே தழுவியது. சாதி பற்றியும் வழிபாட்டு முறை பற்றியும் அவர்க்கும் புதிதாக வந்த குருமார்க்கும் 1820-களிற் பூசல் மூண்டது. சாதி பற்றிய வழக்கில் நம் உள்ளம் குருமார் பக்கமே சாயும். ஆயின், பாட்டு எந்நாட்டுப் பாட்டாதல் வேண்டும் என்னும் வினாவிற் காலம் தீர்ப்பளித்துவிட்டது. இன்று தமிழ்க் கிறித்தவர் ஞானப்பாட்டோடு கீர்த்தனையும் பாடுகின்றனர்.

கதை

ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தார் நாடகம், கூத்து, களியாட்டு முதலியவற்றை, செய்யினும் விடினும் ஒக்கும் என்று விடாது, விலக்கற்பாலன என்றே துணிந்தவர். அப்பயிற்சியுடன் வந்த ஐயர்க்குப் புராணங்கள் பாவலர் புனைந்த பொய்க்கதைகளாகத் தோன்றியதில் வியப்பில்லை. பாமாலை புனைந்து மக்களை மயக்கினர் எனப் புலவரைக் குறைகூறினார். அப்புலவர்தம் ஏடுகளையே விடாது படியெடுப்பித்தும் வைத்தார். கதையை வெறுத்தவர் கதை ஏட்டைப் பாதுகாத்த இம்முரண்பாட்டிற்குத் தமிழ் உலகம் கடமைப்பட்டுள்ளது.

இவ்விடத்து அவரை மட்டும் குறைகூறி நாம் தப்பவியலாது. கதையை ஐயுறும் இயல்பு நம் சமயத்தாரிடத்தும் உண்டு. அநபாய சோழன் சீவகசிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்தானாக, அது புறச்சமயத்தார் கட்டிய பொய்க்கதை என்று இடித்துரைத்து, அடியார் வரலாற்றின்பால் அவனைத் திருப்பினார் சேக்கிழார் என்பது சேக்கிழார் புராணச் செய்தி. அச்சிந்தாமணியை 1887-ல் அச்சிற் பதிப்பித்து உலகிற்களித்தவரோ திருவாவடுதுறை ஆதீனத்திற் பயின்ற சைவராகிய உ.வே. சாமிநாதையர். ஒரு நூற்றாண்டிற் கடியப்பட்ட நூலை மற்றொரு நூற்றாண்டிற் கடிந்தார் மரபினரே காத்தனர். இன்னும், இராமலிங்க அடிகள் ஒற்றியூரிலும் பிற பதிகளிலும் பாடிய பாடல்கள் அருட்பாவோ மருட்பாவோ என 1860-களில் மூண்ட போர், சமய நூல் எது, புனைவு எது என்னும் வழக்கு நம் வீட்டினுள்ளும் தீராமையைக் காட்டும். தம் சமயத்தார் பாடலையே ஏற்கத் தயங்கியவர், அயற்சமயக் குருவின் தயக்கத்தை மட்டும் பெரும்பிழையாகக் கருதுவது நடுவுநிலையன்று.

எனினும் வேற்றுமை ஒன்று உண்டு. அதுவே இவ்வாராய்ச்சியின் மையம். சேக்கிழார் சிந்தாமணியை இகழ்ந்ததோடு நின்றிலர். அதற்கு ஈடாகப் பெரியபுராணத்தைச் செய்தளித்தார். கதைச்சுவையை நாடிய உள்ளத்திற்குக் கதையையே ஈந்தார், பொருளை மட்டும் உயர்த்தி. சுவையை விலக்கிச் சமயத்தைத் தரவில்லை. ஐயரோ புராணத்தைத் தள்ளி அதனிடத்தில் வினாவிடை நூலை வைத்தார். அவ்விடத்தைப் பின்னர்க் குறவஞ்சியும் கும்மியுமே நிரப்பவேண்டியிருந்தது. மக்கள் நெஞ்சிற் கதைக்குரிய இடம் வெற்றிடமாய் நில்லாது என்பதனை ஐயர் அறிந்திலர்.

மறுப்பின் இலக்கணம்

பிறர் நூலை மதிப்பிடும் முறையில் நம் ஆசிரியர் வகுத்த நெறி ஒன்று உண்டு. அருணந்தி சிவம் சித்தியாரிற் பரபக்கத்தை முன்வைத்தார். உலோகாயதம் முதலிய மதங்களின் கொள்கையை அவ்வவர் கூற்றாகவே முதலில் நிறுத்தி, பின்னரே மறுத்து, அதன்மேற் சுபக்கம் கூறினார். உமாபதி சிவம் 1313-ல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்திலும், ஒரு மதத்தார் கூற்றை மற்றொரு மதத்தார் வாயால் மறுப்பிக்கும் முறையைக் கையாண்டார். மறுக்கப்படுவோன் தன் கொள்கையைப் பிறன் வாயிற் கேட்டு, 'ஆம், யான் கூறுவது இதுவே' என்று ஒப்புமாறு அதனை எடுத்துரைத்தல் வேண்டும். அஃதில்வழி மறுப்பு நிழலோடு பொருவதேயாம்.

இவ்விலக்கணத்தால் நோக்குமிடத்துச் சீகன்பால்கு ஐயர் பாதி வழி வந்தவர். தமிழர்க்கு வினா விடுத்து அவர் எழுதிய விடைக் கடிதங்கள் 99-ஐ ஐயரும் அவர் தோழர் கிரூண்டலரும் பெயர்த்தனுப்ப, அவை ஹாலேயில் அச்சேறின. இது பரபக்கம் அமைக்கும் நல்முயற்சியே. தெய்வ மரபும் அத்தகையதே. ஆயின் அக்கியானம் எழுதுங்கால் தாம் திரட்டிய பரபக்கத்தைத் தாமே மறந்தார்.

அவர் விட்ட இடத்தினின்று வழியின் எஞ்சிய பகுதியை நடந்தோர் அவர் சபையினரே. காமரர் 1803-லும், கார்ல் கிரவுல் 1856-லும் திருக்குறளைச் செர்மானியப்படுத்தினர். கிரவுல் தம் தமிழ் நூற்றொகையிற் கைவல்லிய நவநீதம் முதலிய வேதாந்த நூல்களையும் சேர்த்தார். லைப்சிக் சபைக் குருவாய்த் தமிழ்நாட்டில் வாழ்ந்த சோமெருசு ஐயர் 1912-ற் சைவசித்தாந்தத்தை அதன் மூல நூல்களைக் கொண்டே விரித்தெழுதினார். 1923-ல் திருவாசகத்தைப் பெயர்த்தார். அவரும் தம் சமய முடிபை விட்டவரல்லர். ஆயின் மெய்கண்டாரையும் அருணந்தியாரையும் உமாபதியாரையும் அவர்தம் வரிசையில் வைத்துக் கற்ற பின்னரே தம் முடிபை மொழிந்தார். நீதி நூலில் தொடங்கிய லூத்தர் குருமார் கல்வி தோத்திரத்தின் வாயிலை அடைய இருநூறாண்டுக்கு மேலாயின.

இதினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? சீகன்பால்கு ஐயர்க்குக் காட்டவேண்டிய நன்றியை நாம் சொல்லாற் காட்டுதல் எளிது. அவர் பட்டியலிலுள்ள நூல்களை இன்று நம்முள் எத்துணைப் பேர் எடுத்து ஓதுகின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் அரிது. பிற சமயத்தார் நூல்களை, அவர் ஒப்புமாறு எடுத்துரைக்கும் அளவிற்குக் கற்ற சைவர் எத்துணைப் பேர் என்று எண்ணுதல் அதனினும் அரிது. விவிலியத் தமிழ்ப் பெயர்ப்பிற் பேர்சிவல் ஐயர்க்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் அத்தகுதி உடையராயிருந்தார். ஆதலினாலேயே அவர் மறுப்பு வலியுடைத்தாயிற்று. நாவலரின் கண்டனத்தை மட்டும் மரபுரிமையாகக் கொண்டு, அக்கண்டனத்திற்கு முன் அவர் கற்ற கல்வியைக் கைவிடுவோமாயின், ஐயர் 1713-ற் செய்த பிழையையே நாம் மறுதலையாகச் செய்தவராவோம்.

எனவே, ஐயரின் நூன்மதிப்பை அளந்தறிய எடுத்த கோலால் நம்மையும் அளந்து பார்த்தல் கடன். நூலை அதன் வரிசையில் வைத்து ஓதுக. பாட்டை அதன் பண்ணிற் கேட்க. கதையை அது வாழும் மக்களிடையே நின்று நோக்குக. பிறர் கொள்கையை அவர் வாய்மொழியாகவே முதலில் உரைக்க. அதன்பின் மறுக்கவேண்டுவதை அஞ்சாது மறுக்க. இம்முறை நின்று ஆராய்வார் எச்சமயத்தினராயினும் அவர் ஆராய்ச்சி அனைவர்க்கும் பயன்படும் என்பது எம் துணிபு.